அந்தக் குடையை இங்கே கொடுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மலையில் குடியிருக்க ஏற்றது மண் வீடே! இது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "மலை மழையில் மண் வீடா? உள்ளே குடை பிடித்துக்கொண்டுதான் தூங்க வேண்டும்" என்றார். நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். அந்தக் குடையை இங்கே கொடுங்கள், விரித்துக் காட்டுகிறேன்.

மண் சுவருக்கு மேலே பெய்யும் மழையைவிடக் கீழிருந்து ஏறும் ஈரம்தான் எமன். ஒன்றரை அடிக்குக் கருங்கல் கட்டி, அதன்மேல்தான் மண் படை, அதாவது சுவரின் மண் அடுக்கு, தொடங்க வேண்டும். மேட்டுப் பக்கம், சுவரைவிட்டுத் தள்ளி வாய்க்கால் வெட்டி ஜல்லி நிரப்புங்கள். சரிவில் இறங்கும் தண்ணீர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கூரை இரண்டரை அடி வெளியே நீளட்டும். நண்பர் கேட்ட குடை அதுதான் ஐயா! சீனாவில் புஜியான் மலைகளில் புயல் மழை கொட்டும். அங்கே கல் அடித்தளமும் அகலக் கூரையுமாக, மூன்று நான்கு மாடி மண் வீடுகள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. 2008-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நண்பர் அங்கே போனால் குடையை வாசலிலேயே மடக்கி வைத்துவிடலாம்.

"மண் சுவர் பொலபொலவென்று விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்" என்றும் சொன்னார். பார்த்திருப்பார். ஏன் விழுந்தது என்று கேட்டாரா? நல்ல சுவர். 'சிமெண்ட் பூசினால் கெட்டி' என்று யாரோ சொல்ல, அரை அங்குலம் பூசுகிறார்கள். முதல் வருடம் பளபளப்பு. மண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சிமெண்ட் அசைந்து கொடுக்காது. முடியளவு ஒரு விரிசல். மழைத் தண்ணீர் உள்ளே போகிறது. போன தண்ணீர் வெளியே வர வழி? சிமெண்ட் அடைத்துக்கொண்டு நிற்கிறது! மூன்றாவது மழைக்காலத்தில் தட்டிப் பாருங்கள், 'டொப்' என்று கேட்கும். நெம்பினால் பூச்சு பாளமாகக் கையோடு வரும். பின்னால் மண் சேறாகக் கிடக்கும். மறுபடியும் சொல்கிறேன் நடுவர் அவர்களே, மழை கொல்லவில்லை, பூச்சு கொன்றது! மூச்சை அடைத்துவிட்டு, மண்ணுக்குப் பலமில்லை என்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தால், குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டிருக்கும்.

விரிசல் விடுமே என்பார் அடுத்து வருபவர். களிமண் கூடினால் விரிசல் விடும், மணல் கூடினால் உதிரும். உங்கள் மண்ணில் எது எவ்வளவு என்று பார்க்க, கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி படிய ஒரு நாளாவது ஆகும். சுவருக்கு மூன்று பங்கு மணல், ஒரு பங்கு களி, கூடவே வைக்கோல். ஒரு படை ஒன்றரை அடியைத் தாண்டக் கூடாது. அது இறுகுமுன் அடுத்த படை ஏற்றினால் அடி பிதுங்கும். நிலநடுக்கம் வரும் மலையென்றால் சுவரைச் சுற்றி மரச் சட்டம் கட்டாயம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். மண் மிதிக்கக் குடும்பமே இறங்கும். ஆறு வயதுப் பிள்ளையும் மிதிக்கும், எழுபது வயதுப் பாட்டியும் மிதிப்பார். ஜன்னல் மாடத்தை வழித்துவிட்ட பாட்டியின் கட்டைவிரல் தடம் காய்ந்தும் அங்கேயே இருக்கும். பாட்டி இல்லாத ஒரு குளிர்கால மாலையில், பகல் வெயிலை வாங்கிய சுவர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது, பேரப்பிள்ளை தன் விரலை அந்தத் தடத்தில் வைத்துப் பார்க்கும். நடுவர் அவர்களே, அந்தச் சுவருக்கு ஒரு குடை பிடிக்க மாட்டோமா?