பங்குனி ஆமையும் பத்தாம் வகுப்புத் தேர்வும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வசந்த காலத்தில் பொழுதுபோக்கு, தொண்டு, குடும்பம் மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முதலில் வசந்தத்திலேயே எனக்கு ஒரு வழக்கு உண்டு. நம் பழைய கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். சென்னையில் சித்திரை வெயிலில் நடந்து பார்த்தவர் யாரும் அதில் இளமையைக் கண்டிருக்க மாட்டார்கள். இந்த ஊருக்கு வசந்தம் என்று ஒன்று இருந்தால் அது மாசியும் பங்குனியும்தான். விடியற்காலையில் கொஞ்சம் பனி, மாலையில் கடற்காற்று, வேம்பு பூக்கத் தொடங்கும் நேரம்.

வருஷத்து வேலையெல்லாம் வந்து குவிவதும் இந்த இரண்டு மாதத்தில்தான். நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். மார்ச் பிறந்தால் பொதுத்தேர்வு, அறைக் கண்காணிப்பு, அடுத்து விடைத்தாள் திருத்தும் பணி. வீட்டில் மகளுக்கு இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. என் அம்மாவுக்கு மயிலாப்பூர்ப் பங்குனிப் பெருவிழாவை விட முடியாது. எட்டாம் நாள் அறுபத்துமூவர் புறப்பாட்டுக்கு முழங்கால் வலியோடு போய் நிற்பார். கூட யாராவது போக வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில்தான் கடலிலிருந்து ஆமைகள் கரையேறுகின்றன.

நம் மீனவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்று படித்துவிட்டு வந்த எனக்கு, எந்த மாதம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் இந்தப் பெயரைக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. ஜனவரியிலிருந்தே வரத் தொடங்கும்; பிப்ரவரி, மார்ச்சில் மும்முரம். ஏப்ரலில் முட்டை பொரிந்து குஞ்சுகள் கடலுக்குப் போகும். சென்னைக் கரையில் இரவு நடந்து முட்டைகளைத் தேடுவது 1970களில் கிண்டி பாம்புப் பண்ணைக்காரர்கள் தொடங்கிய வேலை. 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பாக்கினார்கள். இன்றுவரை அது பெரும்பாலும் இளைஞர்கள் கையில்தான் இருக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறத்தாழ 7 கிலோமீட்டர். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால் முடிக்க விடியற்காலை மணி மூன்றரை, நான்கு ஆகும்.

அந்த நடை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். டார்ச் அடிக்கக் கூடாது. கைப்பேசி வெளிச்சமும் கூடாது. பத்து நிமிஷத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். மணலும் அலையும் தனித்தனியாகத் தெரியும். முன்னால் போகிறவர் திடீரென்று நிற்பார். ஈர மணலில் டிராக்டர் சக்கரம் போனதுபோல ஒரு தடம் மேலே ஏறியிருக்கும். பக்கத்தில் இன்னொன்று இறங்கியிருக்கும். வந்து போய்விட்டாள் என்று அர்த்தம். இரண்டு தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். முட்டை அங்கேதான் என்று நினைக்க வேண்டாம். ஏமாற்றுவதற்காகவே சுற்றிலும் மணலை வாரி இறைத்திருப்பாள். குச்சியை மெல்ல ஊன்றி, மணல் எங்கே சட்டென்று இளகுகிறதோ அங்கே கையால் தோண்ட வேண்டும். முழங்கை தாண்டி, தோள் வரை உள்ளே போன பிறகு விரல் நுனியில் வெதுவெதுப்பாக, ஈரமாக ஒன்று தட்டுப்படும். மேசைப்பந்து அளவு, தோல் போன்ற ஓடு. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவோம். நூறு, நூற்றுப்பத்து, சில குழியில் அதற்கும் மேல். புரட்டாமல், குலுக்காமல், சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே கரு பிழைக்காது. விட்டுவைத்தால் விடிவதற்குள் நாய் தோண்டிவிடும். அதனால்தான் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இந்த வேலையில் இல்லை.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு, பறவை பார்ப்பது. அதை இந்த இரண்டு மாதம் சுருட்டி வைத்துவிடுகிறேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது; அது எங்கும் ஓடிப்போகாது. வலசை வந்த வாத்துகள் பங்குனியில் கிளம்பத்தான் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் திரும்ப வரும். எப்போதாவது ஞாயிறு காலையில் அம்மாவையும் மகளையும் காரில் உட்காரவைத்து, பொங்கல் பொட்டலத்தோடு சாலையோரம் நிறுத்திப் பூநாரைகளைப் பார்த்துவிட்டு வருவோம். அது போதும்.

இந்த உரையில் நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினான். அன்று இயற்பியல் தேர்வு. முந்தின இரவு நடைக்கு ஆள் குறைகிறது என்று ஒரு கல்லூரிப் பையன் கூப்பிட்டான். என் முறை அல்ல. ஆனாலும் போனேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. கணவர் அலுவலக வேலையாகக் கோயம்புத்தூரில் இருந்தார். அன்றைக்கு இரண்டு குழி கிடைத்தது. வீடு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம் என்று சாய்ந்தேன்.

அம்மா உலுக்கி எழுப்பியபோது மணி எட்டே கால். மகன் போய்விட்டிருந்தான். இரண்டு ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு, நுழைவுச் சீட்டை எடுத்துக்கொண்டு, பாட்டியிடம் மட்டும் சொல்லிவிட்டு. நானும் அன்று வேறொரு பள்ளியில் அறைக் கண்காணிப்புக்குப் போக வேண்டியவள். தலைகூட வாராமல் ஓடினேன். வாசலிலேயே நின்ற முதன்மைக் கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் முழங்கையில் காய்ந்திருந்த மணலைப் பார்த்தார். அவர் கேட்ட கேள்வியை இங்கே சொல்ல வேண்டாம், நியாயமான கேள்விதான்.

சாயங்காலம் மகனிடம், ஏனப்பா எழுப்பவில்லை என்றேன். “நீ இரவெல்லாம் நடந்தாயே அம்மா, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்” என்றான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அம்மாவிடம் போனேன். அவரும் திட்டவில்லை. அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டே, “இந்த மாதத்தில் இது ஒன்பதாவது காலை” என்றார்.

என்ன ஒன்பது என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. நான் கடற்கரையில் கழித்த ஒன்பது இரவுக்கும் மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து பால் காய்ச்சியது, இட்லி ஊற்றியது, மகளுக்குத் தலை பின்னியது எல்லாம் எழுபத்திரண்டு வயதான அவர். என் நேரத்தைத் தொண்டுக்குக் கொடுக்கிறேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளி ஆண்டு விழாவில் அதற்காகப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். கொடுத்தது என் தூக்கம் மட்டுமல்ல. அம்மாவின் தூக்கத்தையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

கடலாமை ஆய்வில் சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர் இருந்தார். சென்னை ஐஐடியில் படிக்க வந்தவர். ஆமை நடைக்குப் போய் அந்த வழியிலேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். 1982இல், பேராமை எனப்படும் பச்சைக் கடலாமைகள் முட்டையிடுவதைப் பதிவு செய்ய லட்சத்தீவில் ஆளில்லாத சுஹேலித் தீவொன்றில் தன்னந்தனியாக மழைக்காலம் முழுக்கத் தங்கினார். ஏறக்குறைய ஐந்து மாதம். அந்தப் பருவத்தில் படகு போகாது. மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது மிதந்து இலங்கைக் கரை சேர, ஒரு மீனவர் எடுத்து, அதைத் தபாலில் அந்த அம்மையாருக்கே அனுப்பிவைத்தார். கதை போலத் தோன்றும், நடந்தது. முதன்முதலில் கேட்ட வயதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தீவில் இருந்த மனிதரை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பதாவது காலைக்குப் பிறகு, கைக்குழந்தையோடு வீட்டில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவியைத்தான் அதிகம் நினைக்கிறேன். அவரும் அந்த ஆய்வில் பாதி செய்திருக்கிறார். எந்த அறிக்கையிலும் அவர் பெயர் ஆசிரியராக இருக்காது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரைச் சமையலறையில் மாட்டினோம். நான் நடைக்குப் போகும் நாளின் கட்டத்தில் மகள் ஆமை ஒன்று வரைவாள். ஆமை வரைந்தால் அடுத்த நாள் கட்டத்தில், காலையில் அடுப்பு யாருடையது என்று பெயர் எழுதியாக வேண்டும். பெயர் எழுத ஆள் இல்லையென்றால் ஆமையை அழிக்க வேண்டும். எழுதுகிறவர் தானே வந்து எழுத வேண்டும். நானே அவர் பெயரை எழுதிவிடக் கூடாது. இந்தக் கடைசி விதி அம்மா போட்டது. அனுபவசாலி.

முதல் மாதம் ஒன்பது ஆமை நான்கானது. எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைவிட்டால் முட்டையை யார் எடுப்பார்கள் என்று. எடுத்தார்கள். எனக்கு முன்பே அந்தக் கரையில் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தொண்டு செய்கிறவர்களுக்கு இந்த வியாதி சீக்கிரம் பிடித்துவிடும். நாம் இல்லாத இரவிலும் வேலை நடக்கிறது என்ற செய்தி நமக்கு நல்ல செய்தியாகப் படாது. எனக்கும் அது உறைக்க ஒரு பருவம் ஆயிற்று.

மனம் சோர்ந்த நாட்களும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலும் இழுவலையில் மாட்டி, மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கியவை. ஆமைக்கு நம்மைப்போல நுரையீரல்தானே. அந்த மாதம் கரைக்குப் போனால் முட்டைத் தடத்தைவிட உடல்கள்தான் கண்ணில் பட்டன. வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். அந்த நாட்களில் காலண்டரில் ஆமையை அவளே சின்னதாக வரைந்தாள்.

வீட்டாரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்பார்கள். இரவு நடைக்குக் குழந்தைகளை வற்புறுத்தி அழைத்துப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மகன் ஒரு முறை வந்தான். ஒரு குழிகூடக் கிடைக்கவில்லை. காலில் கிளிஞ்சல் குத்தியது. அதோடு சரி. குடும்பமாகப் போவதென்றால் குஞ்சு விடும் மாலைதான் நல்லது. புதைத்து நாற்பத்தைந்து நாள் கழிந்ததும் குழிமேல் கூடை கவிழ்த்து வைத்திருப்பார்கள். மணல் மெல்லக் குழியும். உள்ளிருந்து ஒரு கறுத்த மூக்கு, ஒரு துடுப்பு, அப்புறம் திமுதிமுவென்று. எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே ஓடும். கடல் பக்கம் வெளுப்பாகத் தெரிந்தால் கடலுக்கு. தெருவிளக்கு பளிச்சென்று எரிந்தால் சாலைக்கு. அதனால்தான் கரையோர வீடுகளில், இந்த மாதங்களில் மட்டும் கடலைப் பார்த்த விளக்கை அணையுங்கள் என்று கேட்டு நடக்கிறோம். பலர் அணைக்கிறார்கள். சிலர், பாதுகாப்புக்கு நீங்கள் பொறுப்பா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

போன ஆண்டு அம்மாவை அழைத்துப் போனேன். மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குஞ்சுகள் அலை தொட்டதும் காணாமல் போவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதன் தாய் எங்கே என்று கேட்டார். முட்டையிட்டு மூடிவிட்டு அன்றைக்கே போய்விடும், திரும்பிக்கூடப் பார்க்காது என்றேன். “பெற்றவளே நிம்மதியாகப் போய்விட்டாள். நீ ஏண்டி விழித்துக்கொண்டு கிடக்கிறாய்?” என்றார். பக்கத்தில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். கிளம்பும்போது, அடுத்த தடவை கொஞ்சம் முன்னாடியே கூட்டிக்கொண்டு வா, நாற்காலியை அலைக்குப் பக்கத்தில் போடு என்றார்.

கரையேறும் ஆமைக்கு வயது பத்து, பதினைந்துக்கு மேல் இருக்கும் என்பார்கள். பிறந்த கரைப் பக்கமே முட்டையிட வரும். என் மகள் பிறந்த வருஷம் இங்கிருந்து போனவற்றில் ஆயிரத்துக்கு ஒன்று பிழைத்திருந்தாலும், அது இப்போது வரலாம். இவள் தேர்வெழுதும் மாதத்தில்.

இந்த வாரக் காலண்டரில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் ஆமை இருக்கிறது. ஆனால் கடற்கரைக்குப் போவது நான் இல்லை. பதினெட்டு வருஷமாக ஆமை என்றாலே கொட்டாவி விடும் என் கணவர் தானாகவே போகிறேன் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடும். சனிக்கிழமை கட்டத்தில், அடுப்புக்கு நேரே நானே வந்து என் பெயரை எழுதினேன். நேற்று இரவு அவர், மணலில் நடக்கச் செருப்பா, ஷூவா என்று கேட்டார். வெறுங்கால் என்றேன். கிளிஞ்சல் குத்துமே என்றார். குத்தும் என்றேன்.

நன்றி, வணக்கம்.