தீவின் கதையைக் கேட்டு எழுதிய இளவரசர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சம் என்றால் பேரரசர் பிரான்ஸ் யோசப்பும், சரயேவோவில் சுடப்பட்ட பிரான்ஸ் பெர்டினாண்டும் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். அதே குடும்பத்தில், அரியணைக்கு வெகு தொலைவில் பிறந்த ஒருவரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். பெயர் லுட்விக் சால்வாட்டோர்.

1847-இல் புளோரன்ஸ் நகரத்துப் பிட்டி அரண்மனையில் பிறந்தார். அப்பா இரண்டாம் லியோபோல்ட் அந்த நகரம் இருக்கும் டஸ்கனி நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். 1859-இல் மக்கள் கிளர்ந்தார்கள், ஆட்சி போய்விட்டது. 11 வயதுப் பையன் பெற்றோரோடு ஊரைவிட்டுக் கிளம்பி, பிறகு இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவில் வளர்ந்தான்.

அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் வழக்கமாகப் போவது படைக்கு. இவருக்கு அதில் நாட்டமில்லை. கடலும் செடிகொடிகளும் மொழிகளும்தான் பிடித்திருந்தன. 1867-இல் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல், நொய்டோர்ஃப் பிரபு என்ற பெயரில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் போய் இறங்கினார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 20 வயது.

அங்கே அவர் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். நீளமான கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். ஊர்ப் பாதிரியார், வைத்தியர், ஆசிரியர் என்று விவரம் தெரிந்தவர்களிடமெல்லாம் அதைக் கொடுத்தார். உங்கள் ஊரில் என்ன விளைகிறது, வீடு எப்படிக் கட்டுகிறீர்கள், மீன் எப்படிப் பிடிக்கிறீர்கள், திருவிழாவில் என்ன பாடுகிறீர்கள் என்று கேட்டார். தானும் கிராமம் கிராமமாகச் சுற்றினார், கையோடு படமும் வரைந்தார். தீவு மக்களின் மொழியையும் கற்றுக்கொண்டார். மயோர்க்காவும் அதன் அண்டைத் தீவுகளும் சேர்ந்த பாலியாரிக் தீவுகளைப் பற்றி அப்படி அவர் எழுதிய நூல் 7 தொகுதிகள். 1869-இல் தொடங்கி 1891-இல்தான் முடிந்தது. நடுவில், 1878 பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அரசர்களின் பெருமையைப் பாட ஆள் எப்போதும் உண்டு. அரச குடும்பத்துப் பிள்ளை ஒருவர் உழவரின் கலப்பையையும் மீனவரின் வலையையும் இத்தனை அக்கறையோடு எழுதிவைத்தது அபூர்வம்.

1872-இல் மிராமார் என்ற இடத்தை வாங்கினார். 13-ஆம் நூற்றாண்டில் மயோர்க்காவின் சிந்தனையாளர் ரமோன் லுல் துறவிகளுக்கு அரபு சொல்லிக்கொடுக்க மடம் அமைத்த இடம் அது. அப்புறம் அந்த மலைச்சரிவில் ஒவ்வொரு நிலமாக வாங்கிச் சேர்த்தார். வாங்கிய நிலத்தில் மரம் வெட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடலைப் பார்த்து நிற்க மேடைகளும் நடைபாதைகளும் அமைத்தார். வழிப்போக்கர்களுக்கு ஒரு விடுதியும் நடத்தினார். மூன்று நாள் இலவசமாகத் தங்கலாம். எஸ்டாகா என்ற பண்ணையை ஒரு தச்சரின் மகளான கத்தலினா ஓமார் நிர்வகித்தார். 1905-இல் அந்தப் பெண் இறந்தபோது, அவர் நினைவாகவே ஒரு நூல் எழுதினார் இளவரசர்.

உடையைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஒருநாள் சாலையில் ஒரு வண்டிக்காரருக்குக் கைகொடுத்து உதவினாராம். ஆளைத் தெரியாத வண்டிக்காரர் சில்லறைக் காசு ஒன்றை நீட்டியிருக்கிறார். வாழ்க்கையில் நான் உழைத்துச் சம்பாதித்த முதல் காசு இதுதான் என்று மகிழ்ந்து வாங்கிக்கொண்டாராம் இளவரசர். தீவில் இன்றும் சொல்லும் கதை இது.

வருடத்தில் பல நாள் நிக்ஸே என்ற நீராவிப் படகில்தான் இருப்பார். அந்தப் படகு 1893-இல் அல்ஜீரியக் கரையோரம் சேதமானது. இன்னொன்று வாங்கி, அதற்கும் நிக்ஸே என்றே பெயர் வைத்தார். சிசிலிக்கு வடக்கே உள்ள லிப்பாரி தீவுகளுக்கு 8 தொகுதிகள் எழுதினார்.

முதல் உலகப் போர் வந்ததும் கடல் பயணம் நின்றது. 1915 அக்டோபரில், பொஹீமியாவில் உள்ள பிராண்டிஸ் கோட்டையில் காலமானார். மயோர்க்கா நிலங்கள் ஹாப்ஸ்பர்க் சொந்தங்களுக்குப் போகவில்லை. அந்தத் தீவைச் சேர்ந்த தன் செயலாளர் அந்தோனியோ விவேஸுக்கு எழுதிவைத்திருந்தார். சொன் மரோய்க் என்ற அவருடைய வீடு இப்போது அருங்காட்சியகம். தோட்டத்தின் ஓரத்தில் வெள்ளைப் பளிங்கில் ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால், கீழே கடலுக்குள் நீளும் ஃபொரதாதா பாறையும் அதன் நடுவில் இருக்கும் பெரிய துளையும் தெரியும்.

நன்றி, வணக்கம்.