பெயர் சொல்ல மாட்டார், எடை சொல்வார்

வணக்கம் நண்பர்களே. வழக்கமாக ரயில், ஊர், சாப்பாடு என்று சுற்றிக்கொண்டிருப்பேன். இன்று எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன். அம்மா தவறி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றிப் பேசச் சொல்லி உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். இத்தனை நாள் வாய் வரவில்லை. இன்று பேசிவிடுகிறேன்.

அம்மா நர்ஸ். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். 1988இல் தாம்பரம் சானட்டோரியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இடையில் கொஞ்ச காலம் வெளியூருக்கு மாற்றல், அப்புறம் திரும்ப இங்கேயே. 2018இல் ஓய்வு பெற்றார்.

மின்சார ரயிலில் போகிறவர்களுக்குக் குரோம்பேட்டைக்கு அடுத்து வரும் ஸ்டேஷன் பெயராக மட்டும் இந்த இடம் தெரிந்திருக்கும். 1928இல் டாக்டர் சவுரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. பிறகு அரசு எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் டி.பி.க்குச் சரியான மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். அதனால்தான் ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே கட்டினார்கள். மருந்து வந்த பிறகு, 1950களின் கடைசியில், சேத்துப்பட்டில் இருந்த ஆராய்ச்சி மையம் ஒரு சோதனை செய்தது. நோயாளிகளில் ஒரு பாதியைச் சானட்டோரியத்தில் வைத்தும் இன்னொரு பாதியை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க டி.பி. வைத்தியம் மாறியதற்கு நம்ம சென்னையில் நடந்த இந்தச் சோதனை ஒரு முக்கியக் காரணம். அம்மா இதைச் சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை இருக்கும்.

"மாத்திரையை விழுங்கினால் போதும், ஆளை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு மக்களே" என்பார். குமரி மாவட்டத்தில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வார்டில் ஐம்பது வயது ஆளையும் அம்மா அப்படித்தான் கூப்பிட்டார்.

டி.பி. மாத்திரை தொடங்கும் நோயாளியிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவாராம்: "நாளைக்கு ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்துல போகும், பயந்துராதீங்க." ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் அப்படி ஆகும். இதை யாரும் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையையே விட்டுவிடுவார்கள். பாதியில் விட்டால் நோய் திரும்ப வரும், அந்த மருந்துகளுக்கு மசியாமலும் போகலாம். ஆறு மாத வைத்தியம் அந்த ஒரு வாக்கியத்தில் தப்பிக்கும் என்பது அம்மாவின் கணக்கு.

சரி, இப்போது எச்.ஐ.வி. வார்டுக்கு வருகிறேன். அம்மாவைப் பற்றிப் பேசினால் அதைத்தான் பேச வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். 90களில் சானட்டோரியத்துக்கு அந்த நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். எச்.ஐ.வி. வந்தவர்களைச் சுலபமாகப் பிடிக்கும் நோய் டி.பி., அதனால் வேறு எங்கும் சேர்த்துக்கொள்ளாதவர்கள் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். ஆந்திராவிலிருந்து ரயில் ஏறி வருகிறவர்கள் ஏராளம். "மந்து வேசுகுன்னாவா?", "அன்னம் தின்னாவா?" என்று மருந்துக்கும் சோற்றுக்கும் தேவையான தெலுங்கை அம்மா கற்றுக்கொண்டார். அதைத் தாண்டி அவருக்குத் தெலுங்கு தெரியாது.

கூட வந்தவர்கள் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, பழம் வாங்கி வருகிறேன் என்று போவார்களாம். திரும்ப வர மாட்டார்கள். அந்த ஆள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். வாயெல்லாம் வெள்ளையாகப் படலம் பிடித்து எச்சில் விழுங்கவே முடியாத நிலை. அவர்களுக்குக் கஞ்சியை ஆறவைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார். முதுகில் புண் வரக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பார்.

இதோ இந்தப் போர்வையின் மூலையைப் பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன். விளிம்பை இப்படி முக்கோணமாகத் தூக்கி மெத்தைமேல் வைத்து, கீழே தொங்குவதை உள்ளே தள்ளி, பிறகு முக்கோணத்தை இறக்கி இதையும் உள்ளே செருக வேண்டும். எவ்வளவு புரண்டாலும் கலையாது, சுருக்கமும் விழாது. சுருக்கம் இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் தோல் சிவக்கும். எங்கள் வீட்டுக் கட்டில் எல்லாம் இப்படித்தான் இருந்தது. எனக்கும் அண்ணனுக்கும் அ, ஆவன்னா முடித்த கையோடு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அம்மா எந்த வார்டில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்ததும் ஒரு வீட்டுக்காரர் எங்களைக் காலி செய்யச் சொன்னார். தொட்டால், ஒரே தம்ளரில் குடித்தால், பக்கத்தில் உட்கார்ந்தால் எச்.ஐ.வி. பரவாது என்று அம்மா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. அம்மா சண்டை போடவில்லை, வேறு வீடு பார்த்தோம். எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

2004 ஏப்ரல் மாதம் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. நாடு முழுக்க முதலில் தொடங்கிய சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. ஏ.ஆர்.டி. என்பார்கள். அப்போது காலையும் இரவும் மாத்திரை, வாழ்நாள் முழுக்க. மாதா மாதம் வந்து மாத்திரை வாங்கும்போது எடை பார்ப்பார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுப் பேச்சே மாறிப்போனது. அதற்கு முன்னால் டூட்டி முடிந்து வந்தால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். குளித்துவிட்டு வந்து பேசாமல் சோறு போடுவார். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு ஒருத்திக்கு மூணு கிலோ ஏறியிருக்கு" என்பார். "தூக்கிட்டு வந்தாங்களே ஒரு ஆளு, இன்னைக்குத் தானா பஸ்ல வந்தாரு, நாப்பத்தெட்டு கிலோ!" யார், எந்த ஊர் என்று எதுவும் சொல்ல மாட்டார். கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எடை மட்டும்தான். அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் முகம் தெரியாத ஆட்களுக்காகக் கிலோ கணக்கில் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

அந்த மாத்திரையிலும் தொந்தரவு இருந்தது. ஸ்டாவுடின் என்ற மருந்தால் சிலருக்குக் கால் எரியும், கன்னம் ஒட்டிப்போகும். பின்னாளில் அதை மாற்றிவிட்டார்கள். அதுவரை, எரிகிறது என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தவர்களிடம் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசி டாக்டரிடம் அழைத்துப் போனதும் அம்மாதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒருமுறை அம்மாவும் நானும் மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தோம். எதிரில் ஒரு பெண், மடியில் குழந்தை, பக்கத்தில் மாமியார் போல ஒருவர். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, இருவருக்கும் பழக்கம் என்று. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், இறங்கும்வரை திரும்பவே இல்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். "அவங்களா சிரிச்சா நானும் சிரிப்பேன். நானா சிரிச்சா, 'யாரு அந்த நர்ஸ், உனக்கு எப்படித் தெரியும்'னு வீட்டுல கேப்பாங்க. பாவம், அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?" அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருட வேலையில் எத்தனை பேரைத் தெரியாத மாதிரி கடந்து போயிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியில் பக்கவாதம் வந்து அம்மா படுக்கையில் விழுந்தார். வலது கை போய்விட்டது, பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண், புது நர்ஸ், ஊசி போட்டுவிட்டு அதன் மூடியைத் திரும்பப் போடப் போனது. அம்மா இடது கையால் அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மூ...டாத மக்களே." அப்படி மூடும்போதுதான் விரலில் குத்திக்கொள்வார்கள். அந்தப் பெண் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு, ஊசியை அப்படியே டப்பாவில் போட்டது. மறுநாளிலிருந்து டூட்டிக்கு வந்ததும் முதலில் எங்கள் அறைக்குத்தான் வரும். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிவிட்டது நானும் அண்ணனும்தான். கடைசிவரை முதுகில் ஒரு புண் இல்லை.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம்தான். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097 என்ற எண்ணுக்குப் பேசலாம், அதுவும் இலவசம். அம்மாவோடு வேலை பார்த்த சிஸ்டர்கள், ஆயாம்மாக்கள் யாராவது இதைப் பார்த்தால் கீழே எழுதுங்கள், அண்ணனுக்கும் படித்துக் காட்டுவேன். அங்கே சிகிச்சை எடுத்தவர்கள் எழுதுவதாக இருந்தால் உங்கள் பெயரோ ஊரோ போட வேண்டாம்.