விலை குறைந்த பென் டிரைவ் வாங்கும்முன் அட்டையில் பார்க்க வேண்டியது

[திரையில்: பென் டிரைவ் அட்டையின் முன்பக்கம், நெருக்கத்தில்]

அட்டையில் இரண்டு எண்கள் பெரிதாகத் தெரியும். ஒன்று கொள்ளளவு, 64 ஜிபி. இன்னொன்று வேகம், நொடிக்கு 100 எம்பி. வாங்குபவர்களில் பெரும்பாலோர் முதல் எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அப்புறம் "காப்பி ஆகவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்வார்கள்.

அந்த 100 எம்பி பெரும்பாலும் படிக்கும் வேகம், அதாவது பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஃபைல் வரும் வேகம். கம்ப்யூட்டரிலிருந்து டிரைவில் ஏற்றுவது எழுதும் வேகம். விலை குறைந்த டிரைவ்களின் அட்டையில் அதைப் பல சமயம் போடவே மாட்டார்கள். காரணம் எளிது: அந்த எண் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. நொடிக்கு 10, 15 எம்பிக்கு இறங்கிவிடும் டிரைவ்கள் நிறைய உண்டு.

[திரையில்: 4 ஜிபி வீடியோ ஒன்று காப்பி ஆகிறது, பக்கத்தில் கடிகாரம்]

4 ஜிபி வீடியோவை 100 எம்பி வேகத்தில் ஏற்றினால் 40 நொடி. அதே வீடியோ 10 எம்பி வேகத்தில் 400 நொடி, கிட்டத்தட்ட ஏழு நிமிஷம். முதலில் விறுவிறுவென்று ஓடி, பாதியில் தவழ ஆரம்பிப்பதையும் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் முதலில் ஃபைலைத் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக டிரைவுக்குத் தள்ளுகிறது. சில டிரைவ்களுக்குள்ளேயே வேகமாக எழுதக்கூடிய சிறு பகுதி ஒன்று உண்டு. அது நிரம்பியதும் டிரைவின் அசல் வேகம் தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் இன்னும் மோசம். அவற்றை ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி ஏற்றினால் நேரம் நன்றாகக் குறையும்.

[திரையில்: இரண்டு பென் டிரைவ்களின் முனைகள் அருகருகே, வெளிச்சம் உள்ளே விழுகிறது]

இப்போது முனைக்கு வருவோம். இடது பக்கம் இருப்பது யூஎஸ்பி 2.0. உள்ளே நான்கு தங்க நிறப் பட்டைகள் மட்டும். வலது பக்கத்தில் அதே நான்குக்குப் பின்னால், சற்று உள்ளே தள்ளி, இன்னும் ஐந்து தொடுமுனைகள் தெரிகின்றன அல்லவா? அதுதான் யூஎஸ்பி 3. பல டிரைவ்களில் உள்ளே நீல பிளாஸ்டிக்கும் இருக்கும். ஆனால் நிறம் கட்டாயமில்லை, பட்டைகளை எண்ணிப் பார்ப்பதுதான் நிச்சயம்.

பெயரில்தான் பெரிய குழப்பம். 2008ல் யூஎஸ்பி 3.0 என்று வந்தது. பிறகு அதையே 3.1 ஜென் 1 என்றார்கள், அதற்கும் பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் ஒன்றுதான்: நொடிக்கு 5 ஜிகாபிட். ஆகவே பெரிய எண் போட்டிருக்கிறதே என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். 2.0வின் உச்சம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் நடைமுறையில் நொடிக்கு 30, 40 எம்பிதான். என்னைக் கேட்டால் 3.2 ஜென் 1 வாங்குங்கள். பழைய போர்ட்டிலும் அது வேலை செய்யும், பழைய வேகத்தில். ஆனால் ஒன்று, யூஎஸ்பி 3 என்று எழுதியிருப்பதாலேயே எழுதும் வேகம் கூடிவிடாது. உள்ளே இருக்கும் சிப் மட்டம் என்றால் மட்டம்தான்.

[திரையில்: 64 ஜிபி டிரைவ், கம்ப்யூட்டரில் 59.6 என்று தெரிகிறது]

64 ஜிபி வாங்கினால் விண்டோஸ் ஏறக்குறைய 59 என்று காட்டும். இது ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்கிடுகிறது.

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. அடிமாட்டு விலைக்கு 2 டிபி, அதாவது 2000 ஜிபி, பென் டிரைவ் என்று விளம்பரம் வந்தால், யோசிக்காமல் தள்ளிப் போங்கள். 2 டிபி பென் டிரைவ் என்பதே பொய் இல்லை. கிங்ஸ்டன் 2017லேயே ஒன்றை அறிவித்தது. ஆனால் அது தடியான, விலை உயர்ந்த சரக்கு. போலியில் உள்ளே 16 ஜிபியோ 32 ஜிபியோ இருக்கும். டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் மென்பொருளை மாற்றி, 2 டிபி என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல வைத்திருப்பார்கள். நாற்பது பக்க நோட்டின் அட்டையில் நானூறு பக்கம் என்று அச்சடித்த மாதிரி. முதல் 16 ஜிபி ஒழுங்காகப் பதிவாகும். அதற்கு மேல் ஏற்றுபவை பழையதை அழிக்கும், அல்லது எங்கும் பதிவாகாமலே போகும். கொடுமை என்னவென்றால், ஃபைல் பெயர்கள் எல்லாம் பட்டியலில் அழகாகத் தெரியும். திறந்தால்தான் திறக்காது.

இதைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸுக்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3. இவை டிரைவ் முழுவதையும் சோதனை ஃபைல்களால் நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நொடிக்கு 15 எம்பி எழுதும் 64 ஜிபி டிரைவ் என்றால் நிரப்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும், ஓடவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அட்டையில் போடாத எழுதும் வேகமும் இதில் தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், உங்கள் ஃபைல் எதையும் போடுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

[திரையில்: ஃபார்மட் பெட்டி]

சோதனை முடிந்தால் ஃபார்மட், அதாவது டிரைவைத் துடைத்து, ஃபைல்களை அடுக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டும் அப்படிப்பட்ட முறைகள். ஃபேட்32ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. இடம் நிறைய இருந்தும் "ஃபைல் பெரிதாக இருக்கிறது" என்று வருவது இதனால்தான். எக்ஸ்ஃபேட்டில் அந்தச் சிக்கல் இல்லை. விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம். பழைய கார் ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்க மட்டும் ஃபேட்32 தேவைப்படலாம்.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தனி மூடி தொலையும். விரல் நகம் அளவே இருக்கும் குட்டி டிரைவ் சீக்கிரம் சூடாகும். ஃபோனிலும் செருக வேண்டும் என்றால் ஒரு பக்கம் டைப்-சி உள்ளதைப் பாருங்கள்.

[திரையில்: டிரைவை எஜெக்ட் செய்வது]

ஒரே பிரதியை மட்டும் இதில் வைக்காதீர்கள். ஃப்ளாஷ் சிப் தகவலை மின்னூட்டமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது மெல்லக் கசியும். கன்ட்ரோலர் போனால் எந்த முன்னறிவிப்பும் இருக்காது. வாரண்டியில் புது டிரைவ் தருவார்கள், பழைய ஃபைல்களைத் தர மாட்டார்கள்.

அடையாள ஆவணங்கள், கணக்கு வழக்குகள் போன்றவற்றைச் சட்டைப்பையில் தூக்கிக்கொண்டு அலைபவர் என்றால் டிரைவைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைப்பது நல்லது. விண்டோஸ் புரோ பதிப்பில் அதற்கான பிட்லாக்கர் டு கோ இருக்கிறது. மற்றவர்கள் வெராகிரிப்ட்டை இலவசமாகப் பயன்படுத்தலாம். பிட்லாக்கர் பூட்டும்போது ஒரு மீட்பு எண் தரும். அதை அதே டிரைவுக்குள் சேமித்துவிடாமல் வேறு இடத்தில் எழுதி வையுங்கள்.