மஸ்ட்டுக்கு இறந்தகாலமே கிடையாது! ஏன் தெரியுமா? | வில் – வுட், கேன் – குட்: முழு விளக்கம்

[திரையில் இரண்டு வாக்கியங்கள்: "ஹீ செட் ஹீ வில் கம்." "ஹீ செட் ஹீ வுட் கம்."]

வணக்கம் நண்பர்களே! திரையில ரெண்டு வாக்கியம் இருக்கு. ரெண்டையுமே தமிழ்ல "வருவேன்னு சொன்னான்"னுதான் சொல்லுவோம். இதுல எது சரி? வீடியோவை ஒரு நொடி நிறுத்திட்டு உங்க பதிலை கமென்ட்ல போட்டுட்டு வாங்க.

போட்டாச்சா? ரெண்டுமே சரிதான். முதல் வாக்கியம் தப்புன்னு நிறைய பேர் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம். அது தப்பு இல்லை. ஆனா ரெண்டும் ஒரே சேதியைச் சொல்லலை. அந்த வித்தியாசம் என்னன்னு இப்போ பார்க்கலாம்.

அட்டவணையை வேகமா முடிச்சிடுறேன். ஒருத்தர் முன்னாடி சொன்னதையோ நினைச்சதையோ இப்போ எடுத்துச் சொல்லும்போது வில் வுட் ஆகும், கேன் குட் ஆகும், மே மைட் ஆகும். வுட், குட், மைட், ஷுட், ஆட் டு எல்லாம் அப்படியே நிக்கும். இது எல்லா இலக்கணப் புத்தகத்துலயும் இருக்கு. ஏன் இப்படி மாறுதுங்கிறதுதான் நமக்கு வேண்டியது.

தமிழ்ல பாருங்க. "வருவேன்னு சொன்னான்." அவன் வாயிலிருந்து வந்த "வருவேன்" அப்படியே முழுசா இருக்கு. "நான்"ங்கிற தன்மை மாறலை, காலம் மாறலை. பின்னாடி ஒரு "னு" சேர்த்தோம், வேலை முடிஞ்சது. ஆங்கிலத்துல மேற்கோள் குறி போடாம சொன்னா, அவன் வார்த்தை அவன் வார்த்தையாவே இருக்காது. சொல்ற ஆள் தான் நிக்கிற இடத்துலயிருந்து எல்லாத்தையும் திருப்பிப் பார்க்கிறார். ஐ ஹீ ஆகுது, ஹியர் தேர் ஆகுது, வில் வுட் ஆகுது. இந்த ஒரு "னு" நமக்கு எல்லாத்தையும் சுலபமாக்கிக் கொடுத்திடுச்சு. அதனாலதான் தமிழ் பேசுற நமக்கு "ஹீ செட் ஹீ வில்"னு இயல்பா வருது. இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை.

இப்போ அந்த வித்தியாசத்துக்கு வருவோம். "ஷீ செட் ஷீ வில் கால்"னு சொன்னா, அந்த அழைப்பு இன்னும் வரவேண்டியிருக்கு, நானும் அதை நடக்கப்போற விஷயமாவே எடுத்துக்கிறேன். "ஷீ செட் ஷீ வுட் கால்"னா, அது அவங்க சொன்னது, அவ்வளவுதான். வருமா வராதான்னு நான் பொறுப்பு ஏத்துக்கலை. அழைக்கிறேன்னு சொன்ன நேரமே தாண்டிப் போயிடுச்சுன்னா வில் போடவே முடியாது, வுட் மட்டும்தான்.

வுட்டைப் பார்த்ததும் "நடந்து முடிஞ்சது"ன்னு நினைக்காதீங்க. "ஐ தாட் இட் வுட் ரெய்ன்." மழை பெய்யும்னு நினைச்சேன். பெய்ஞ்சதா? வாக்கியத்துல பதில் இல்லை. முடிஞ்சு போனது என் நினைப்பு மட்டும்தான்.

இங்கதான் நிறைய பேர் ஒரு படி அதிகமாப் போயிடுறாங்க. இறந்தகாலம்தானேன்னு "ஹீ செட் ஹீ வுட் ஹேவ் கம்"னு எழுதுறாங்க. இதுக்கு "வந்திருப்பேன்னு சொன்னான்"னு அர்த்தம். அதாவது ஏதோ தடங்கல், அவன் வரலை! வருவேன்னு சொன்ன மனுஷனை வராத ஆளாக்கிட்டோம். வருவேன்னா வுட், வந்திருப்பேன்னா வுட் ஹேவ்.

[திரையில் பெரிய எழுத்தில்: மஸ்ட்]

சரி, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாப் போறேன். வில்லுக்கு வுட் இருக்கு, கேனுக்கு குட் இருக்கு. மஸ்ட்டுக்கு மட்டும் ஏன் ஜோடி இல்லை?

ஏன்னா மஸ்ட்டே ஒரு பழைய இறந்தகால வடிவம்! பழைய ஆங்கிலத்துல "மோட்"னு ஒரு துணைவினை நிகழ்காலத்துல இருந்தது. அதோட இறந்தகாலம் "மோஸ்டே". மோட் காலப்போக்குல வழக்கொழிஞ்சு போச்சு. மோஸ்டே மட்டும் தங்கி, மஸ்ட் ஆகி, நிகழ்கால வேலையையும் தானே எடுத்துக்கிச்சு. ஏற்கெனவே இறந்தகாலமா இருக்கிற சொல்லை இன்னும் பின்னாடி எங்க தள்றது? அதுலயும் ஒரு அழகு பாருங்க. மோட்டுக்கு முதல்ல இருந்த பொருள் "அனுமதி இருக்கு". செய்யலாம்னு தொடங்கின சொல் செஞ்சே ஆகணும்னு வந்து நிக்குது!

வுட், குட், ஷுட், மைட் நாலும் இதே மாதிரி வில், கேன், ஷால், மே இதுங்களோட உண்மையான இறந்தகால வடிவங்கள்தான். அதனாலதான் எடுத்துச் சொல்ற பேச்சுல அதுங்க பழைய வேலையை இன்னைக்கும் செய்யுது. இன்னொரு தகவல். குட் எழுதும்போது நடுவுல "எல்" வருதே, அது முதல்ல கிடையாது. வுட், ஷுட் ரெண்டுலயும் எல் இருந்ததால, அதுங்களைப் பார்த்து குட்டுக்கும் பின்னாடி ஒட்டிக்கிட்டது. கேன்ல எல் எங்க இருக்கு, சொல்லுங்க?

இப்போ மஸ்ட்டை எப்படி எடுத்துச் சொல்றது? "யூ மஸ்ட் சைன் திஸ்"னு ஒருத்தங்க சொன்னா, "ஷீ செட் ஐ ஹேட் டு சைன் இட்." மஸ்ட்டையே வச்சு "ஷீ செட் ஐ மஸ்ட் சைன் இட்"னாலும் சரிதான்.

ஆனா ஊகம் வேற. "ஹீ மஸ்ட் பி டயர்ட்." களைப்பா இருப்பான் போல. கட்டாயம் எதுவும் இல்லை, இது நம்ம கணிப்பு. "ஐ தாட் ஹீ மஸ்ட் பி டயர்ட்"னு மஸ்ட்டை அப்படியே விட்டுடுங்க. நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே அவன் களைச்சிருந்தான்னா, "மஸ்ட் ஹேவ் பீன்".

இதையெல்லாம் விட ஆபத்தானது மஸ்டன்ட். இதை மட்டும் கண்டிப்பா குறிச்சு வச்சுக்கோங்க. "யூ மஸ்டன்ட் டச் இட்", தொடக்கூடாது. மஸ்ட்டுக்கு ஹேட் டு, அப்போ மஸ்டன்ட்டுக்கு டிடன்ட் ஹேவ் டுன்னு கணக்குப் போட்டா அர்த்தமே மாறிடும். "ஷீ செட் ஐ டிடன்ட் ஹேவ் டு டச் இட்"னா, தொடணும்னு அவசியம் இல்லைன்னு சொன்னாங்க. தடை எங்கயோ காணாமப் போச்சு! எனக்குப் பிடிச்ச பாதுகாப்பான வழி: "ஷீ டோல்ட் மீ நாட் டு டச் இட்."

ஷால் ஒரே வரிதான். உதவட்டுமான்னு கேட்கிற "ஷால் ஐ ஹெல்ப்?" ஷுட் ஆகும், எதிர்காலத்தைச் சொல்ற "ஐ ஷால் பி லேட்" வுட் ஆகும்.

கடைசியா, நாவல் படிக்கிறவங்களுக்காக ஒண்ணு.

[திரையில்: "ஹீ லுக்ட் அட் த க்ளாக். ஹீ வுட் மிஸ் த ட்ரெய்ன். வாட் குட் ஹீ டூ நவ்?"]

கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த ரெண்டு வாக்கியம் யாரோடது? "ஹீ தாட்"னு எங்கயுமே இல்லை. இருந்தாலும் ரயிலை விட்டுடப் போறேனே, இப்போ என்ன பண்றதுன்னு அவன் மனசுல ஓடுறது நமக்குக் கேட்குது. வுட்டும் குட்டும் சத்தமே இல்லாம நம்மளை அவன் மனசுக்குள்ள கூட்டிட்டுப் போயிடுச்சு. "டுமாரோ ஹீ வுட் டெல் ஹர் எவ்ரிதிங்"னு கூட எழுதுவாங்க. டுமாரோ அவனோட நாளை, வுட் கதை சொல்றவரோட காலம். ரெண்டு பேரும் ஒரே வாக்கியத்துல! நாவல் படிக்கும்போது இந்த இடங்களைத் தேடிப் பாருங்க, அவ்வளவு சுகமா இருக்கும்.

இப்போ உங்க முறை. "ஐ கேன் வெயிட், பட் யூ மஸ்டன்ட் பி லேட்." நேத்து ஒரு தோழி உங்ககிட்ட இப்படிச் சொன்னாங்க. இதை மேற்கோள் குறி இல்லாம எடுத்து எழுதி கமென்ட்ல போடுங்க, நான் ஒவ்வொண்ணையும் படிச்சுப் பதில் சொல்றேன். வீடியோ உதவியா இருந்தா லைக் பண்ணுங்க, சேனலை சப்ஸ்கிரைப் பண்ணிக்கோங்க. அடுத்த வீடியோல குட் பெரிசா, வாஸ் ஏபிள் டு பெரிசான்னு பார்க்கலாம்.