சைக்கிளும் சிலேட்டும்

அவையோருக்கு வணக்கம்.

முதியோர் கல்விக்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்று பேச அழைத்தீர்கள். நான் சைக்கிளில் ஆரம்பிக்கிறேன். 1991இல் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது மாவட்ட கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் கற்பதை எழுத்தறிவோடு சேர்த்தார்கள். சரி, சைக்கிள் வாங்கக் காசு? வங்கிகளோடு பேசிக் கடனுக்கு வழி செய்தார்கள். கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். கல் உடைத்த பெண்ணுக்கு அப்போதுதான் கணக்குப் பார்க்கும் தேவை வந்தது. அரசுத் துறைகள் ஒன்றுசேர்ந்து வேலை செய்வது என்றால் இதுதான்.

அப்போது ஒரு குவாரிப் பக்கத்து ஊரில் நான் தொண்டர். தெருவிளக்கடியில் வகுப்பு. ஒரு அக்கா 'ப' எழுத உட்கார்ந்தார். மூன்று பல்பம் ஒடிந்தது. "உளி புடிச்ச கை தம்பி, மெதுவா வராது" என்றார். அவர் முதலில் கற்றுக்கொள்ளக் கேட்டது தன் பெயரை அல்ல, 'லோடு' என்ற சொல்லை. சீட்டில் எத்தனை லோடு எழுதியிருக்கிறது என்று அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

பாடப்புத்தகம் முடிந்தது, தேர்வும் எழுதினார். அப்புறம் படிக்க ஊரில் ஒன்றும் இல்லை. புத்தகப் பெட்டி பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. சில வருஷம் கழித்துப் போனபோது அந்த அக்கா மறுபடியும் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

2009இல் வந்த மத்திய அரசின் முதியோர் கல்வித் திட்டமான சாக்ஷர் பாரத்தில், கல்வி மையத்தைப் பார்த்துக்கொள்ள ஊராட்சிக்கு இரண்டு பேர், மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியத்தில் இருந்தார்கள். சொற்பத் தொகைதான். ஆனால் பெட்டிச் சாவிக்கு ஓர் ஆள் இருந்தார். 2018 மார்ச்சில் அதுவும் முடிந்தது. இப்போதைய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு 2022 முதல் 2027 வரை 1,037.90 கோடி ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சுமார் 208 ரூபாய். கற்பிப்பவர்கள் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் தேர்வு முடிந்த மறுநாள் அந்த ஊரில் யார் இருப்பார்?

அதனால் ஒரே கோரிக்கை. எழுதப் படிக்கத் தேறியவர்கள் உள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும், சம்பளத்தோடு ஒருவர், மாலையில் திறக்கிற ஓர் அறை, பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகங்கள். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதுங்கள். கையெழுத்துப் போடப் புதிதாகப் படித்தவர்களை முதலில் கூப்பிடுங்கள்.