வாலில் நிற்கும் இ-டி

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கில வினைச்சொல் என்றதும் கோ, வென்ட், கான் என்று பள்ளியில் ராகம் போட்டு ஒப்பித்த அட்டவணைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அப்படித் தாறுமாறாக மாறும் வினைகள் சுமார் 200தான். மீதி ஆயிரக்கணக்கான வினைகள் இறந்தகாலத்துக்கு வாலில் இ-டி சேர்த்துக்கொண்டு ஒரே தடத்தில் போகின்றன. இன்றைய பேச்சு அந்தச் சாதுக்களைப் பற்றி. நம் வாயில் சிக்கிச் சிதைவதும் இந்தச் சாதுக்கள்தான்.

'வாக்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட் என்று நான்கே உருவம். நடந்தேன், நடந்தாய், நடந்தான், நடந்தாள், நடந்தது என்று தமிழில் ஆளுக்கு ஒரு விகுதி உண்டு. ஆங்கிலத்தில் யார் நடந்தாலும் வாக்ட்தான். ஆளைப் பார்த்து மாறுவது நிகழ்காலத்தில் ஒரே இடத்தில். ஹீ, ஷீ, இட் என்று வந்தால் ஓர் எஸ். அந்த எஸ்ஸைத்தான் விட்டுவிடுகிறோம். 'மை ஃபாதர் ஒர்க் இன் எ பேங்க்' என்கிறோம். அப்பாவுக்கு நாம் மரியாதையாக 'ஆர்' விகுதி போடுவோம். ஆங்கில வினைக்கு அந்த மரியாதை கிடையாது. அப்பாவும் ஒருமை, பஸ்ஸும் ஒருமை, அரசாங்கமும் ஒருமை. 'ஒர்க்ஸ்' என்றே சொல்ல வேண்டும்.

கேள்வியிலும் மறுப்பிலும் இன்னொரு வழுக்கல். 'டஸ்' வந்தால் எஸ் அதற்குள் போய்விடும். 'டிட்' வந்தால் காலம் அதற்குள் போய்விடும். பிறகு வினை வெறுமனே நிற்கும். 'ஹீ டிடன்ட் வாக்ட்' என்றால் காலத்தை இரண்டு தடவை சொன்னதாகிறது. 'நடக்கவில்லை' என்று நாம் சொல்லும்போது அதில் காலமே இல்லை பாருங்கள். அதுபோல 'டிடன்ட் வாக்', அவ்வளவுதான்.

சரி, இ-டிக்கு வருவோம். எழுத்து ஒன்று, ஓசை மூன்று. 'பாட்டு' என்று சொல்லுங்கள், பிறகு 'பாடு' என்று சொல்லுங்கள். முதலில் வருவது வல்லோசை, அடுத்தது மெல்லோசை. இப்போது தொண்டையில் இரண்டு விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று இழுங்கள். அதிராது. 'ம்ம்ம்' என்றால் அதிரும். வினையின் கடைசி ஓசை அதிராவிட்டால் இ-டி 'பாட்டு' ஓசை பெறும்: ஹெல்ப்ட், வாக்ட், வாஷ்ட். அதிர்ந்தால் 'பாடு' ஓசை: கால்ட், க்ளீன்ட், ப்ளேட். எழுத்தைப் பார்க்காதீர்கள், ஓசையைக் கேளுங்கள். 'லாஃப்' ஜி-ஹெச்சில் முடிகிறது, ஆனால் ஓசை ஃப், ஆகவே 'பாட்டு'. வினையே இந்த இரண்டு ஓசைகளில் ஒன்றில் முடிந்தால் மட்டும் ஒரு முழு அசை கூடும்: வான்டிட், நீடிட்.

இது நமக்குப் புதிதா? கேள் என்பது கேட்டான் ஆகிறது, உண் என்பது உண்டான் ஆகிறது, செய் என்பது செய்தான் ஆகிறது. முன்னால் நிற்கும் எழுத்துக்கு ஏற்ப இறந்தகாலக் குறி உருமாறுவதை யாரும் சொல்லித்தராமலே செய்கிறோம். பிறகு ஏன் 'வாக்குடு' என்றும் 'வாக்கெட்' என்றும் வருகிறது? தமிழில் சொல்லின் கடைசியில் வல்லின மெய் நிற்காது. கப் 'கப்பு' ஆகும், பேங்க் 'பேங்கு' ஆகும். இரண்டு வல்லினம் சேர்ந்து கடைசியில் வந்தால் நடுவில் ஓர் உயிரெழுத்தைச் செருகிவிடுகிறோம், அல்லது கடைசி ஓசையை விழுங்கிவிடுகிறோம். விழுங்குவது இன்னும் மோசம். நேர்முகத் தேர்வில் 'ஐ ஒர்க்ட் தேர்' என்பது 'ஐ ஒர்க்' என்று கேட்டால், நீங்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

மருந்து எளிது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால், அந்த 'ட்'டைத் தூக்கி அதன் தலையில் வையுங்கள். 'வாக்ட் இன்' என்பதை வாக், டின். 'லுக்ட் அட்' என்பதை லுக், டட். நாக்கு தடுமாறாது. இப்படிப் பத்து ஜோடியைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்லிப் பயனில்லை.

'வாக்கெட்' என்பவர்களைக் கேலி செய்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே அந்த இ-டி தனி அசையாகத்தான் ஒலித்தது. மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1712இல் எழுத்தாளர் ஜோனத்தன் ஸ்விஃப்ட், நாட்டின் நிதிப் பொறுப்பில் இருந்த ஆக்ஸ்ஃபர்டு பிரபுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆங்கிலத்தைச் சீர்செய்ய ஒரு குழு வேண்டும் என்பது கோரிக்கை. அதில் அவருடைய பெரிய புகார்களில் ஒன்று இதுதான்: கவிஞர்கள் சந்தத்துக்காக உயிரெழுத்தைக் கத்தரித்து 'டிஸ்டர்ப்ட்', 'ரிபியூக்ட்' என்று எழுதுகிறார்கள், இந்தக் கரடுமுரடை வடக்கத்திக் காதுதான் தாங்கும் என்று பொரிந்து தள்ளினார். குழு அமையவில்லை. அவர் திட்டிய உச்சரிப்புதான் இன்று சரியான உச்சரிப்பு! ஆக, 'வாக்கெட்' என்பவர் ஸ்விஃப்ட் கட்சி. பழைய அசை சில பெயரடைகளில் இன்னும் தங்கியிருக்கிறது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலைச் சுட்டும்போது 'லேர்னெட் ஃப்ரெண்ட்' என்கிறார்களே, அது அந்த மிச்சம். வினையாக வந்தால் அதுவே 'லேர்ன்ட்'.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை வருகிறது. எழுத்துக்கூட்டலை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இ-யில் முடிந்தால் டி மட்டும் போதும். மெய்யெழுத்தை அடுத்து ஒய் வந்தால், ஒய் போய் ஐ வரும்: 'ஸ்டடி'க்கு அப்படி, 'ப்ளே'யில் ஒய்க்கு முன் உயிர் இருப்பதால் மாற்றமில்லை. 'ஸ்டாப்' மாதிரிக் குட்டைச் சொல்லுக்குக் கடைசி எழுத்து இரட்டிக்கும். எக்ஸ், டபிள்யூ, ஒய் மட்டும் இரட்டிக்காது. இரண்டு அசை இருந்தால் அழுத்தம் எங்கே என்று பாருங்கள். 'ப்ரிஃபர்'-இல் கடைசியில் அழுத்தம், ஆகவே ஆர் இரண்டு. 'விசிட்', 'ஓபன்' இரண்டிலும் முதலில் அழுத்தம், ஆகவே இரட்டிப்பு இல்லை. 'டிராவல்' மாதிரி எல்லில் முடியும் சொற்கள் விலக்கு: பிரிட்டிஷ் வழக்கில் எல் இரண்டு, அமெரிக்க வழக்கில் ஒன்று. விடைத்தாளில் எதை எழுதினாலும் கடைசிவரை அதையே எழுதுங்கள். வணக்கம்.